ஆஃப் தேவையில்லை

பெருங்குடியில் ஏழாவது மாடி.
நெதர்லாந்தில் யாரோ எழுதிய கட்டுரையை
நான் திருத்துகிறேன். பக்கக் கணக்கில் கூலி.
"கொஸ்டின் ஆஃப் வெதர்" என்று வந்தால்
ஆஃபை வெட்டு என்கிறது ஒரு பதிப்பகத்தின் கையேடு,
தொடாதே என்கிறது இன்னொன்று.
"டவுட்" வந்தால் கூட "அபவுட்" வரும்.
"ஐடியா"வுக்கு யாரும் வேண்டாம், தனியாகவே
"வேர்"ரிடமும் "ஹவ்"விடமும் போய்விடும்.
பதினோரு வருடமாக
பெயர்ச்சொல்லுக்கும் கேள்விக்கும் நடுவில்
ஒரு துக்கடாச் சொல்லை வைப்பதும் எடுப்பதும்தான்
எங்கள் வீட்டு அரிசி.

தமிழில் இந்த வம்பில்லை.
கேள்விதான் முதலில் வந்து உட்காரும்.
வருவானா மாட்டானா என்ற,
அதற்கப்புறம் சந்தேகமோ கவலையோ ஊர்ப்பேச்சோ
எது வேண்டுமானாலும் பின்னால் வந்து நிற்கட்டும்.
ஆங்கிலத்தில் பெயர் முன்னே போகும், ஆபீசர்.
ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஆஃப்.
கடைசியில் கேள்வி,
குரலை இறக்கிக்கொண்டு
கேள்விக்குறியைச் செருப்பு மாதிரி
வாசலில் கழற்றிவிட்டு.

அயனாவரத்தில் எங்கள் தெருவுக்கு அடியில்
சுரங்கம் தோண்டும் இயந்திரம் போகிறது.
ராத்திரி இரண்டு மணிக்கு
அலமாரியில் எவர்சில்வர் தம்ளர்கள்
ஒன்றையொன்று தொட்டுப் பார்த்துக்கொள்கின்றன.
சமையலறைச் சுவரில் விரிசல் விட்டதும்
மஞ்சள் தொப்பிக்காரர் ஒருவர் வந்து
குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டி
அதன் மேலேயே மார்க்கரில் தேதி போட்டார்.
உடைந்தால் சுவர் நகர்கிறது என்று அர்த்தமாம்.
உடையாவிட்டால்?
"உடையலைன்னு அர்த்தம், மேடம்."

மாடியில் ஜுலைகா, பின்போர்ஷனில் மரியதாஸ்.
"நீதான் இங்கிலீஷ்ல வேல பாக்குற, நீயே எழுது."
என்ன எழுத?
"வூடு நிக்குமா வுழுந்துடுமான்னு கேளு. வேற இன்னா."

"இன்ஃபர்மேஷன் ஆஸ் டு வெதர்" என்று தொடங்கினேன்.
வேலையில் பார்த்த இடத்திலெல்லாம் அடித்துத் தள்ளுகிற தொடர்.
அலுவலகத்துக்குப் போகிற கடிதம் அல்லவா,
வெயிலிலும் கோட்டு போட வேண்டியிருக்கிறது.
உரக்கப் படித்துக் காட்டினேன்.
மரியதாஸ் நிறுத்தினார்:
"வெதர்னா மழைதானே?
செவுத்தப் பத்தி எழுதச் சொன்னா
மழையப் பத்தி எதுக்கு?"
சிரித்துவிட்டேன்.
அப்புறம் வெகுநேரம் சிரிக்கவில்லை.
நம் எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான்.
நவம்பரில் இந்த ஊரிலும் ஒன்றுதான்.
வருமா, எவ்வளவு,
மாடிப்படியில் எத்தனையாவது படி வரை.

நாற்பத்தொரு நாள் கழித்துப் பதில் வந்தது.
"கொஸ்டின் ஆஃப் வெதர்" இருந்தது, ஆஃபோடு.
அதிர்வு எந்த அளவுக்கு என்பதைக் குறித்து,
கட்டடங்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதைக் குறித்து
அவர்களுக்குக் கவனம் இருந்தது.
யார் வருவார்கள், என்றைக்கு,
அது மட்டும் இல்லை.
பழக்க தோஷம், சிவப்புப் பேனா
தானாகக் கைக்கு வந்தது.
இரண்டு முறை படித்தேன், அளவுகோலை வரிவரியாக இறக்கி.
பிழை ஒன்று இல்லை.
ஒவ்வொரு முன்னிடைச்சொல்லும் அதனதன் நாற்காலியில்.
மூன்று பத்தி,
ஒரு கேள்விக்குறி கிடையாது.

"இன்னா சொல்றான்?" என்று படியிலிருந்து ஜுலைகா.

நான் சமையலறையில் இருந்தேன்.
கண்ணாடியில், தேதிக்கும் மாதத்துக்கும் நடுவில்
முடி மாதிரி ஒரு கோடு.
அழுக்கோ என்று
நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.